சூழல் நிற்கிறது, கதை நழுவுகிறது: வளரிளம் பருவ மர்மப் படம் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் சின்ன பட்ஜெட்டில் இந்த வகைப் படம் எழுதுகிறவர்கள், எடுக்கிறவர்கள், எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர்கள் ஆகியோருக்கானது இந்தப் பக்கம்.

எந்த மாதிரிப் படத்தைச் சொல்கிறீர்கள்? அதன் வழக்கமான குறை என்ன?

10 முதல் 16 வயதுக்குள் இருக்கும் ஒரு பிள்ளை தன் வீட்டிலோ தெருவிலோ நடந்த ஒன்றைத் துருவப் போய், பெரியவர்களின் உலகத்துக்குள் கால் வைத்துவிடும் படம். காணாமல்போன ஆள், பூட்டியே கிடக்கும் வீடு, யாரும் பேச மறுக்கும் ஒரு சாவு என்று ஏதோ ஒன்று நடுவில் இருக்கும்.

தியேட்டரை விட்டு வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றேதான்: மூட் பிரமாதம், செகண்ட் ஹாஃப் போச்சு. மழை, மீன் ஏலம், மொட்டை மாடி, கரண்ட் போன ராத்திரி எல்லாம் நினைவில் இருக்கும். யார் செய்தது, எதற்காகச் செய்தது என்று மறுநாள் கேட்டால் பதில் வராது.

முதல் 40 நிமிடம் வரை சூழலே படத்தை இழுத்துக்கொண்டு போகும். பார்ப்பவர் அதுவரை இடத்தைப் பழகிக்கொண்டிருப்பார், குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார். பழகி முடித்ததும் "சரி, என்னதான் நடந்தது?" என்று நிமிர்ந்து உட்காருவார். எழுதியவருக்கே அது முழுசாகத் தெரியாத படம் அந்த இடத்தில்தான் சரிகிறது. மேகத்தையும் விளக்கு வெளிச்சத்தையும் யோசித்த அளவுக்கு அந்த இரவின் சம்பவத்தை யாரும் யோசித்திருக்கமாட்டார்கள்.

ஸ்கிரிப்ட் நிலையிலேயே இதைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ட்ரீட்மென்ட் (திரைக்கதையின் விரிவான சுருக்கம்) எழுதுவதற்கு முன்பே "நடந்த கதை"யைத் தனியாக இரண்டு பக்கத்தில் எழுதிவிடுங்கள். பிள்ளை அதில் வரவே கூடாது. பெரியவர்கள் என்ன செய்தார்கள், எந்தத் தேதி, எத்தனை மணி, யார் பார்த்தார்கள், யார் பொய் சொன்னார்கள், அந்தப் பொய்யால் யாருக்கு லாபம் என்று மட்டும் இருக்கட்டும். படத்தில் இதில் கால்வாசிகூடத் திரைக்கு வராது. ஆனாலும் ஒரு மணி நேரம்கூட விட்டுப்போகாமல் எழுத வேண்டும். "அன்றிரவு ஏதோ நடந்தது" என்ற வரி அந்த இரண்டு பக்கத்தில் எங்கேயாவது இருந்தால் ஷூட்டிங் போகவே கூடாது.

அடுத்தது சீன் ஆர்டர். இரண்டு மணி நேரப் படத்துக்கு 60 முதல் 75 சீன் வரும். ஒவ்வொரு சீனின் கீழும் இரண்டு வரி எழுதுங்கள்: இந்த சீன் முடியும்போது பிள்ளைக்கு என்ன தெரியும்? எதைத் தப்பாக நம்புகிறது? தொடர்ந்து நான்கு சீனுக்கு இந்த இரண்டு வரியும் மாறாமல் இருந்தால் அங்கே கதை நின்றுவிட்டது, சூழல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். லேக், அதாவது படம் இழுக்கிறது, என்று பின்னால் எல்லோரும் சொல்லப்போவது அந்த இடத்தைத்தான். இரண்டாவது வரி முக்கியம். தப்பான நம்பிக்கை இல்லாத பிள்ளை வெறுமனே தகவல் சேகரிக்கிறது. அதைப் பார்ப்பவருக்குப் பதற்றமே வராது.

ஒரு மாதிரிக் கதையை வைத்துக் காட்ட முடியுமா?

சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டை எடுத்துக்கொள்வோம். கதை கற்பனை, அதைத் தாங்குகிற நாள்காட்டி உண்மை.

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஃபைபர் படகுகள் போகலாம். படகுகளைப் பழுது பார்ப்பதும் பெயின்ட் அடிப்பதும் அப்போதுதான். கையில் காசு ஓடாத காலம் என்பதால் வீட்டு நகை அடகுக்குப் போகும். கேரளத்தில் விசைப்படகுத் தடை ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்குகிறது. அதனால் இங்கே தடை இருக்கும்போது அங்கே படகு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு.

நடந்த கதை இது. ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். நள்ளிரவுக்குள் கரை சேர வேண்டிய ஒரு விசைப்படகு, கடைசியாக ஒரு தடவை வலை இழுக்கிறது. விடியற்காலை 2 மணிக்கு, வலையை இழுக்கும் எந்திரமான வின்ச்சின் கம்பி அறுந்து, 20 வயதுப் பையன் ஒருவன் கடலில் விழுந்து போய்விடுகிறான். தடை தொடங்கிய பிறகு வலை போட்டது வெளியே தெரிந்தால் உரிமையாளர் மாட்டிக்கொள்வார். 4 மணிக்கு இருட்டோடு இருட்டாகப் படகு உள்ளே வருகிறது. மறுநாள் பையனின் அப்பாவிடம் பணம் போகிறது. அவர் வாங்கிக்கொள்கிறார். "பெரியவன் நீண்டகரைக்கு வேலைக்குப் போயிட்டான், போன் தண்ணியில விழுந்துடுச்சாம்" என்று தெருவில் சொல்லப்படுகிறது. நீண்டகரை கேரளத்து மீன்பிடித் துறைமுகம்.

சொல்லும் கதை தம்பி தீனாவுடையது, வயது 13. அவன் தப்பாக நம்புவது: அண்ணன் தன்னிடம் சொல்லாமல் கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

இங்கே எந்தத் திருப்பத்தையும் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. நாள்காட்டியே கதையைத் தள்ளும். ஜூன் 10-க்குப் பிறகு கேரளா போனவர்கள் திரும்ப ஆரம்பிக்கிறார்கள், அண்ணன் வரவில்லை. பொய் செத்துவிட்டது. ஜூன் 14 நள்ளிரவு தாண்டினால் அந்தப் படகு கடலுக்குப் போய்விடும், ஆதாரமும் அதோடு போய்விடும். தீனாவுக்கு நாலைந்து நாள்தான். இப்படிப்பட்ட கெடு, கதைக்கு வெளியிலிருந்து ஒட்டவைத்ததாக இருந்தால் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். ஊரின் வழக்கத்திலிருந்து வந்தால் கேள்வியே வராது.

இதிலும் ஓட்டை உண்டு. அதே தெருவிலிருந்து கேரளா போனவர்கள் போன் செய்து "இங்கே அவன் இல்லையே" என்று சொல்லிவிட்டால்? அதனால்தான் மற்றவர்கள் போனது முனம்பம், அப்பா சொல்வது நீண்டகரை. இரண்டும் கேரளத்தில் வேறு வேறு துறைமுகம். இந்த மாதிரி ஓட்டைகளை எழுதும்போதே தேடி அடைப்பதுதான் கதை வேலையின் பெரும்பகுதி.

துப்பு எத்தனை வேண்டும்? எப்படி வைப்பது?

இரண்டு மணி நேரத்துக்கு ஏழெட்டு போதும். அதில் இரண்டோ மூன்றோ தப்பான திசையில் இழுப்பவை. சந்தேகத்துக்குரிய ஆட்கள் மூன்று, மிஞ்சினால் நான்கு. அதற்கு மேல் போனால் முகம் நினைவில் நிற்காது.

முக்கியமான துப்பு மூன்று தடவை வர வேண்டும். முதல் தடவை சாதாரணமாக, இரண்டாவது தடவை உறுத்தலாக, மூன்றாவது தடவை புரிதலாக. மேலே சொன்ன கதையில் அம்மாவின் செயின் அப்படி ஒன்று. ஏப்ரல் கடைசியில் அது அடகுக் கடையிலிருந்து மீண்டு வருகிறது. தீனாவுக்குச் சந்தோஷம், அம்மா ஏன் அதைக் கழுத்தில் போடவில்லை என்று மட்டும் லேசாகத் தோன்றுகிறது. மே மாதம் தெரு முழுக்க நகையோடு அடகுக் கடை வாசலில் நிற்கும்போது, தங்கள் வீட்டு நகை மட்டும் ஏன் எதிர்த் திசையில் வந்தது என்று உறுத்துகிறது. ஜூனில் புரிகிறது. அது ஒரு துப்பு மட்டுமில்லை, அந்த வீட்டின் குற்றமும் அதுதான்.

வசனத்தில் துப்பு வைக்காதீர்கள். "அன்னிக்கி போட்ல நடந்தது யாருக்கும் தெரியக்கூடாது" என்று ஒருவர் பேச, பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்பது இந்த வகையில் மிகப் பழசாகிவிட்ட சோம்பேறித்தனம். "நைனா, அண்ணன் எப்ப வரும்?" என்று பிள்ளை கேட்க, அம்மா குறுக்கே விழுந்து "கம்முனு துன்னு" என்று தட்டை நகர்த்தினால் போதும்.

வளர்கிற கதை ஒரு பக்கம், மர்மம் ஒரு பக்கம் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறதே?

இந்த வகைப் படங்களின் மூலக் கோளாறு இதுதான். பிள்ளையின் முதல் காதல், நண்பர்களுடன் சண்டை, பரீட்சை என்று ஒரு தடம். காணாமல்போன ஆளைத் தேடுவது இன்னொரு தடம். ஒன்று ஓடும்போது மற்றது காத்துக்கொண்டிருக்கும்.

சேர்க்க ஒரு வழிதான் இருக்கிறது. மர்மத்தின் விடை, பிள்ளை மிகவும் நம்பிய ஒருவரைத் தொட வேண்டும். குற்றவாளி தெருமுனை ரவுடி என்றால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. போலீஸ் வரும், படம் முடியும். பணம் வாங்கியவர் அப்பா என்றால், உண்மையைச் சொல்வதா வீட்டைக் காப்பாற்றுவதா என்று 13 வயதில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவுதான் க்ளைமாக்ஸ். துரத்தலும் அடிதடியும் அதற்குப் பதிலாக வர முடியாது.

ஒன்லைன் (கதையின் ஒரு வரிச் சுருக்கம்) எழுதும்போதே சோதித்துப் பாருங்கள். "கண்டுபிடித்ததால் பிள்ளைக்கு என்ன போயிற்று?" என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் வர வேண்டும்.

போலீஸ், செல்போன், சிசிடிவி இருக்கும்போது ஒரு பிள்ளை எப்படித் துப்பறிய முடியும்?

பெரும்பாலான லாஜிக் ஓட்டைகள் இங்கேதான். காணாமல்போனது 18 வயதுக்குட்பட்டவர் என்றால் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே "போலீஸ் கண்டுகொள்ளவில்லை" என்ற ஒற்றை வரியில் தாண்டிப் போக முடியாது. மேலே உள்ள கதையில் அண்ணனுக்கு 20 வயது என்று வைத்ததும், வீட்டிலிருந்து யாரும் புகாரே கொடுக்காததும் அதற்காகத்தான். புகார் போனாலும் தமிழ்நாட்டு ஸ்டேஷனில் முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான தாள். அந்தச் சின்னத் தாள்கூட நல்ல துப்பாகும்.

போலீஸின் "மூன்றாவது கண்" சிசிடிவி திட்டத்துக்குப் பிறகு சென்னைத் தெருக்களில் கேமரா இல்லாத இடம் குறைவு. கதையை அதற்கு முன்னால் கொண்டுபோகலாம். அல்லது ஊரே இருண்ட ஒரு நாளைப் பிடிக்கலாம். 2015 டிசம்பர் 1, 2 வெள்ளத்தில் பல பகுதிகளில் மின்சாரமும் செல்போனும் இல்லை. 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகும் அப்படித்தான், விழுந்த மரங்கள் வேறு தெருவை அடைத்துக்கொண்டு கிடந்தன. வர்தாவுக்கு முந்தைய ஐந்து வாரத்தில் நவம்பர் 8 பணமதிப்பிழப்பும் டிசம்பர் 5 முதல்வர் ஜெயலலிதா மறைவும் நடந்தன. கட்டுக்கட்டாகப் பழைய நோட்டை ஒளித்து வைத்திருக்கும் ஒரு வீட்டைப் பற்றிய மர்மத்துக்கு இதைவிடப் பொருத்தமான மாதம் கிடைக்காது. இன்னும் யாராவது அதை ஒழுங்காக எழுத வேண்டும்.

துப்பறிய, பிள்ளைக்கு இயல்பாகவே சில அனுமதிகள் உண்டு. கடைக்கு அனுப்புவார்கள், ரேஷன் வரிசையில் நிற்க வைப்பார்கள், இலவச பஸ் பாஸ் இருக்கும், சைக்கிள் இருக்கும். எல்லாவற்றையும்விட, "சின்னப் பையன்தானே" என்று பெரியவர்கள் அவன் முன்னாலேயே கணக்கு பேசுவார்கள். இந்த எல்லைக்குள்ளேயே எல்லாத் துப்பும் கிடைக்க வேண்டும். ஹேக்கிங் தெரிந்த நண்பன், நல்ல மனசுள்ள இன்ஸ்பெக்டர் என்று ஆள் கொண்டுவந்தால் அந்த நிமிடமே தேடல் பிள்ளையின் கையை விட்டுப் போய்விடுகிறது.

சூழலையே துப்பாக மாற்றுவது என்றால்?

அழகுக்காக எடுக்கும் ஒவ்வொரு ஷாட்டும் நடந்த கதையிலிருந்து ஏதாவது ஒன்றை வைத்திருக்க வேண்டும். தடைக்காலத்தில் வரிசையாகப் படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பது கண்ணுக்குக் குளிர்ச்சியான காட்சி. அந்த வரிசையில் ஒரு படகில் மட்டும் வின்ச் கம்பியும் புதிது என்றால் அதே ஷாட் கதையாகிவிடுகிறது. அடுத்த வருஷம்தான் மாற்ற வேண்டிய கம்பி இப்போது ஏன் மாறியது என்று தீனா பிறகு கேட்டுக்கொள்வான்.

பொருந்தாத சூழலை ஒட்டவைப்பதும் கதையைக் கெடுக்கும். சென்னைக்குப் பெரும்பங்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். மே மாதக் கதையில் தினமும் கொட்டினால் ஊர்க்காரர் நம்பமாட்டார். கத்திரி வெயிலும் மதியத்துக்குமேல் வரும் கடற்காற்றும் அந்த மாதத்துக்குப் போதுமான மூட். மூடுபனியைப் போட ஆசையென்றால் போகி விடியற்காலையை எடுங்கள். அந்தப் புகையில் பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியாது, ஆளை மாற்றி அடையாளம் காண அது நியாயமான காரணமும்கூட. நம் கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. மாலைக் காட்சியில் கடலுக்குப் பின்னால் சூரியன் இறங்கினால் மெரினா பார்த்த யாரும் சிரிப்பார்கள். அந்தி வெளிச்சமும் இங்கே 20 நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும், அதற்குள் இரண்டு ஷாட்டுக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

மழை சீன் என்றால் பின்னாலிருந்து லைட் வேண்டும். முன்னால் லைட் போட்டால் எவ்வளவு தண்ணீர் கொட்டினாலும் கேமராவில் கம்பி கம்பியாகத் தெரியாது. இரவுக் காட்சியில் கதை நடக்கும் வருஷத்தையும் பாருங்கள்: பழைய சோடியம் விளக்குத் தெரு மஞ்சளாக இருக்கும், இப்போதைய எல்.இ.டி. தெரு வெள்ளை.

விடை சொல்லாமலே படத்தை முடிக்கலாமா?

முடிக்கலாம், எழுதியவருக்கு விடை தெரிந்திருந்தால். ஜோன் லிண்ட்சே 1967-இல் எழுதிய 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' நாவலில் பள்ளி மாணவிகள் ஒரு பாறைக் குன்றில் மறைந்துபோகிறார்கள். என்ன ஆனார்கள் என்று கடைசிவரை சொல்லப்படாது. பீட்டர் வெயர் 1975-இல் அதைப் படமாக்கியபோதும் சொல்லவில்லை. ஆனால் விடையைச் சொல்லும் கடைசி அத்தியாயத்தை லிண்ட்சே எழுதியே இருந்தார். பதிப்புக்கு முன் அது எடுக்கப்பட்டு, அவர் இறந்த பிறகு 1987-இல்தான் அச்சில் வந்தது. தெரிந்து மறைப்பதற்கும் தெரியாமல் விடுவதற்கும் உள்ள வேறுபாடு ஒவ்வொரு காட்சியிலும் தெரியும். மறைத்தவர் வைத்த துப்புகள் ஒரே திசையைக் காட்டும், தெரியாதவர் வைத்தவை நாலா பக்கமும் சிதறும்.

இன்டர்வல் எங்கே?

55 முதல் 65 நிமிடத்துக்குள். அந்த இடத்தில் புதுக் கேள்வி போடாதீர்கள். பழைய கேள்விக்குத் தப்பான விடை கிடைக்கட்டும். அண்ணன் பெயரில் நீண்டகரையிலிருந்து ஐயாயிரம் ரூபாய் மணியார்டர் வந்துவிட்டது, எல்லாம் சரி என்று தீனா நிம்மதியாகிறான். அனுப்பியது யார் என்று இடைவேளைக்குப் பிறகுதான் அவனுக்குச் சந்தேகம் வர வேண்டும்.

பாட்டு அவசியமா?

இல்லை. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாட்டே இல்லாமல் வந்த மர்மப் படம்தான். பாட்டு வைத்தால் அதற்குள் ஒரு துப்பு நகர வேண்டும். இதைவிட ஆபத்து ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசைதான். பயமுறுத்தும் இசை போட்டுச் சாதாரணக் காட்சிகளை மர்மமாகக் காட்டிக்கொண்டே போனால், விடை வரும்போது இசை கொடுத்த வாக்குக்கு ஈடாக அது இருக்காது. ரஃப் கட்டை (முதல் கட்ட எடிட்டை) இசையே இல்லாமல் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

பிள்ளைகளை நடிக்கவைக்க என்ன விதி?

14 வயதுக்குட்பட்டவர் என்றால், 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2017 விதிகளும் பொருந்தும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்; பெற்றோர் சம்மதமும் பொறுப்பாளர் பெயரும் அதோடு போக வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளை பெயரில் டெபாசிட் ஆக வேண்டும். காசிமேடு சென்னை மாவட்டம், பழவேற்காடு திருவள்ளூர், கோவளம் செங்கல்பட்டு. இடம் மாறினால் போக வேண்டிய ஆட்சியர் அலுவலகமும் மாறும்.

இந்த 5 மணி நேரம் கதையையும் பாதிக்கிறது. பிள்ளை இல்லாத சீன்களை அதிகமாக்கினால் நாள் மிச்சமாகும் என்று தயாரிப்பாளர் சொல்வார். அப்படிச் சேர்க்கிற சீன்கள்தான் பெரும்பாலும் மர்மத்தை முன்கூட்டியே உடைத்துவிடும். பிள்ளையின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் ஷாட்டுக்கு உயரம் ஒத்துப்போகிற, 18 வயது நிரம்பிய இன்னொருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ச்சியையும் கணக்கில் எடுங்கள். 13 வயதுப் பையன் ஒரே வருஷத்தில் ஏழெட்டு சென்டிமீட்டர் உயர்ந்துவிடலாம், குரலும் உடைந்துவிடும். ஆறு மாதம் கழித்து டப்பிங்குக்குக் கூப்பிட்டால் வேறொருவர் பேசுவதுபோல இருக்கும். சிங்க் சவுண்ட் வையுங்கள், அதாவது ஷூட்டிங்கிலேயே குரலைப் பதிவு செய்யுங்கள். முடியாவிட்டால் ஷெட்யூல் முடிந்த வாரமே டப்பிங்கை முடித்துவிடுங்கள்.

உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்தால்?

பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும், வழக்கில் சம்பந்தப்பட்ட எந்தக் குழந்தையானாலும் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் அடையாளத்தை வெளியிடத் தடை செய்கின்றன. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. பள்ளி, தெரு, குடும்பம் வழியாக ஆளை அடையாளம் காண முடிந்தாலும் அது வெளியிட்டதுதான்.

ஷூட்டிங் முடிந்துவிட்டது, இப்போதுதான் கதை பலவீனம் என்று தெரிகிறது. ஏதாவது செய்ய முடியுமா?

பேட்ச் ஒர்க்குக்கு (விட்டுப்போனதைப் பிறகு எடுக்கும் ஷூட்டிங்குக்கு) பிள்ளையைக் கூப்பிட முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள், வளர்ந்திருப்பான். முகம் தேவைப்படாத, பொருளையோ கையையோ மட்டும் நெருக்கத்தில் காட்டும் இன்சர்ட் ஷாட்டுகள்தான் முதல் மருந்து. அடகு ரசீதின் தேதி, காலண்டரில் கிழிக்காத தாள், கையில் ஒரு செருப்பு. ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு எடுத்துவிடலாம். அடுத்தது ஒலி: திரைக்கு வெளியே ஒலிக்கும் போன் உரையாடல், பக்கத்து வீட்டு டிவி செய்தி, முதுகு காட்டி நிற்கும் பெரியவர் வாயில் மாற்றிப் பேசும் ஒரு வரி. வாய்ஸ் ஓவர் கடைசி வழிதான். வைத்தால் படம் முழுக்க இருக்க வேண்டும், திடீரென்று 90-ஆவது நிமிடத்தில் முளைக்கக் கூடாது.

பிறகு எல்லா சீனையும் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுப் படியுங்கள். எடுத்தாலும் எதுவும் மாறாத சீன் எவ்வளவு அழகானாலும் போகட்டும். வழக்கமாக 12 முதல் 15 நிமிடம் இப்படியே குறையும், அதில் பாதி மொட்டை மாடியில் வானத்தைப் பார்க்கிற ஷாட்டாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளுங்கள், துப்பு ஒன்று புரிந்த உடனே வரும் மௌனத்துக்கு அவை உதவும்.

சென்சாரில் எந்தச் சான்று கிடைக்கும்?

2024 விதிகளின்படி யு/ஏ இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இறந்த உடலைக் காட்டும் விதம், பிள்ளைக்கு நேரும் வன்முறை, கெட்ட வார்த்தை போன்றவை மேல் வயதுப் பிரிவுக்குத் தள்ளும். ஏ சான்று வந்தால் படத்தில் நடித்த பிள்ளையே தியேட்டரில் அதைப் பார்க்க முடியாது. எனவே சாவைக் காட்டாமல் அதன் விளைவைக் காட்டுவது கதைக்கும் நல்லது, சான்றுக்கும் நல்லது. புகைபிடிக்கும் காட்சி இருந்தால் எச்சரிக்கை வாசகம் கட்டாயம்.

டெஸ்ட் ஸ்க்ரீனிங்கில் என்ன கேட்க வேண்டும்?

"பிடித்ததா?" என்று கேட்காதீர்கள், மூட் பிரமாதம் என்றுதான் பதில் வரும். சினிமாவில் இல்லாத பதினைந்து இருபது பேரை உட்காரவைத்து, இடைவேளையில் ஒரு தாள் கொடுங்கள்: என்ன நடந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறீர்கள்? முடிந்ததும் இன்னொரு தாள்: அந்த இரவு நடந்ததை வரிசையாக எழுதுங்கள். முதல் தாளில் பாதிப் பேருக்கு மேல் சரியான விடையை எழுதிவிட்டால் துப்பு அதிகம். இரண்டாவது தாளில் வரிசை ஆளாளுக்கு மாறினால் துப்பு போதவில்லை; எந்த இடத்தில் பிரிகிறார்களோ, இன்சர்ட் ஷாட் தேவைப்படுவது அங்கேதான்.